தன்னார்வலர்: எவருமில்லை

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சுகமா, பிள்ளைகள் சுகமா, ஆடு மாடு சுகமா? எங்கள் பக்கத்தில் ஆடு மாட்டை விட்டுவிட்டு மனிதரை மட்டும் விசாரித்தால் பாதி விசாரித்த மாதிரிதான், அதனால் கேட்டுவிட்டேன். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? வந்தால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு உட்காருங்கள். எங்கள் சூபாஷியில் கலிச்சா என்ற பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சூபாஷி என்றால் தண்ணீரின் தலை என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் மலைமேல் இருக்கும் ஊற்றைப் பார்த்து வைத்திருப்பார்கள். ஊர் குடித்ததென்னவோ வால் தண்ணீர். மேலே இருக்கிற கிராமங்களெல்லாம் மாடு குளிப்பாட்டி, கார் கழுவி, பிள்ளைத் துணி அலசி அனுப்பிய மிச்சம்தான் வாய்க்காலில் எங்களுக்கு இறங்கி வரும். கோடையில் டீ நிறத்தில் வரும். "தேயிலை மிச்சம்டி" என்பாள் கலிச்சாவின் பக்கத்து வீட்டு அனார்கான்.

கலிச்சாவுக்குச் சிரிப்பு வராது. முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் அவளுடைய மூத்தவன் அக்தான் மஞ்சள் காமாலையில் விழுந்தான். முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றான். பிறகு ஒருநாள் காலையில் எழுந்து அம்மாவைப் பார்த்தான். கண் இரண்டும் பழுத்த பாதாமிப் பழம் மாதிரி மஞ்சளாக இருந்தன. பனி விழும் வரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்து பிழைத்தான். டாக்டரம்மா கலிச்சாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இவன் முரட்டுப் பய, தாங்கிட்டான். சின்னவ பெர்மெத் குறைமாசத்துல பிறந்தவ. அவளுக்கு வந்தா அந்த உடம்பு தாங்குமான்னு எனக்குத் தெரியல. வாய்க்கால் தண்ணி அவ வாயில படக் கூடாது, புரியுதா?"

கலிச்சாவுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து கழுதை மேல் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மலையேறி ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் ஏறுவதைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் ஏறினார்கள். கழுதைகள் களைத்தன. அப்புறம் ஒருநாள் டிராக்டர்க்கார சுயுன்பாய் சொன்னார்: "கழுதை எத்தனை நாளைக்கு ஏறும்? தண்ணிய இறங்கச் சொல்லுவோம். அஷார் கூப்பிடுங்க."

அஷார் என்றால், ஒரு வீட்டுக்குச் சுவர் வைக்கணுமா, கூரை போடணுமா, ஊர் வந்து நிற்கும். கூலி கிடையாது, சோறு உண்டு. நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: அஷார் அண்டாவில் கை வைத்தவன் மண்வெட்டியிலும் கை வைக்க வேண்டும். பசிக்கிறது என்று உட்கார்ந்த வழிப்போக்கன்கூட சாப்பிட்டு எழுந்ததும் கொஞ்சமாவது வெட்டிவிட்டுத்தான் போவான்.

மாஸ்கோவில் அடுத்தவர் வீட்டுக்குக் குழாய் போடுகிற எங்கள் ஆண்கள் சேர்ந்து கறுப்புக் குழாய்ச் சுருள்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். கலிச்சாவின் புருஷனும் அதில் ஒருத்தன். ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் பள்ளம் வெட்டினார்கள். கலிச்சா அண்டாவில் சோறு கிளறினாள், கிளறாத நேரத்தில் மண் வெட்டினாள். பாதாமி பூக்கும் வசந்தத்தில் பள்ளிக்கூடச் சுவரில் வைத்த குழாயில் தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது, பிறகு தெளிந்து கொட்டியது. யாரும் மேடையேறிப் பேசவில்லை, யாரும் ரிப்பன் வெட்டவில்லை. பெர்மெத் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்தாள். கழுதை அன்றைக்கு முழுக்கத் தூங்கியது.

கோடை நன்றாகப் போனது. மாகாணத் தலைநகரில் 'கிராமத் தூயநீர் மற்றும் தன்னார்வப் பெருக்க மையம்' என்று ஒன்று உண்டு. அது எந்த ஊருக்காவது ஒரு குழாய் போட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கட்டடம் பெரிது. வாசலில் செயற்கை நீரூற்று ஒன்று இரவு பகலாக ஓடும். சூபாஷிக்குத் தண்ணீர் வந்துவிட்ட சேதி அந்த மையத்தின் காதில் விழுந்தது. அவர்களுக்குத் தெரியாமல் வந்துவிட்டதே என்று பதறிப்போய், பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள்.

ஆய்வாளர் பெயர் எர்மெக். வயது குறைவு, ஷூ மூக்கு கூர்மை. ஆடு அடித்து உட்காரவைத்தார்கள். சாப்பிட்டு முடித்துக் குழாயடிக்கு வந்தவர், அங்கே கேனைக் கழுவிக்கொண்டிருந்த கலிச்சாவைப் பார்த்துக் கேட்டார்:

"அக்கா, நீங்க தன்னார்வலரா?"

கலிச்சாவுக்கு அந்தச் சொல் தெரியும். டிவியில் மஞ்சள் சட்டை போட்ட பட்டணத்துப் பிள்ளைகள் பூங்காவில் காகிதம் பொறுக்கும்போது கீழே ஓடும்.

"ஐயோ, நான் இல்ல தம்பி. நான் இந்த ஊர்க்காரி."

"அப்ப பள்ளம் தோண்டினது யாரு?"

"யாருமில்ல. நாங்கதான்."

"யாருமில்லையா, நீங்களா?"

"நாங்கதான். வேற யாருமில்ல. அஷார்."

"பதிவு பண்ணினீங்களா? பயிற்சி எடுத்தீங்களா?"

"மண்ணு வெட்டவா?"

"சட்டை குடுத்தாங்களா?"

"எங்ககிட்டயே சட்டை இருந்துச்சு தம்பி."

எர்மெக் வருத்தமாகத் தலையை ஆட்டி எழுதினார்: 'தன்னார்வலர்: எவருமில்லை.' எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். பிறகு விளக்கினார். மையத்தின் விதிப்படி கிராமத் தண்ணீர் தன்னார்வலர் மூலம்தான் வர வேண்டும். தன்னார்வலர் இல்லாத ஊரில் தண்ணீர் வந்திருந்தால் அது எப்படி வந்தது என்று மையத்தால் சொல்ல முடியாது.

"மேல இருந்து வந்துச்சு," என்றார் சுயுன்பாய்.

"தண்ணி அழுக்கா இருக்கா?" என்று கேட்டாள் கலிச்சா.

"தண்ணி சுத்தம்தான்க்கா. வந்த வழிதான் சுத்தமில்ல."

குழாயின் திருகுபிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார். வைப்பதற்கு முன்னால் தன்னுடைய பிளாஸ்க்கை அந்தக் குழாயிலேயே நிரப்பிக்கொண்டார், தூரப் பயணம் அல்லவா.

கார் போனதும் சுயுன்பாய் குறடோடு வந்தார். ஊர்த் தலைவர் கெனெஷ் குறுக்கே விழுந்தார். "அண்ணே, முத்திரைக் காகிதத்துல கையெழுத்து என்னோடது. முத்திரைய உடைச்சா உள்ள போறது நான். ரெண்டே வாரம், அவங்களே முறையா திறந்து வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்னடி குறைஞ்சிருக்கும்?" என்றாள் அனார்கான்.

"இல்லாத பேரை எப்படிக்கா எனக்கு வச்சுக்கிறது?" என்றாள் கலிச்சா. அன்று சாயங்காலம் கழுதையை எழுப்பினாள். அது அவளைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

பள்ளி திறந்தது. குழாய் ஓடிய காலத்தில் பள்ளிக்கூட வாளி அதில் நிறைந்தது; இப்போது மறுபடி வாய்க்காலில். கலிச்சா பெர்மெத்துக்குப் பெரிய பாட்டிலில் ஊற்றுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. முதல் நாளே பாட்டில் காலியாகி, பிள்ளை நாக்கு வறண்டு வந்தாள்.

"அதுக்குள்ள எப்படிடி தீர்ந்துச்சு?"

"எல்லாரும் ஒரு வாய் கேட்டாங்கம்மா. நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

"அப்புறம் தாகம் எடுத்தா?"

பெர்மெத் காலிப் பாட்டிலை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். கலிச்சா மறுநாள் இரண்டு பாட்டில் கொடுத்தாள். அதுவும் அப்படியே தீர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து மையத்திலிருந்து வண்டி வந்தது. திருகுபிடி வரவில்லை, விழிப்புணர்வு வந்தது. இரண்டு பயிற்சிப் பெண்கள் பள்ளிக்கூட முற்றத்தில் கை கழுவும் படத்தை விரித்து, ஊர்ப் பெண்களை வரிசையில் நிறுத்தினார்கள். பின்னால் முத்திரை வைத்த குழாய்.

"தண்ணி வர்ற மாதிரி நினைச்சுக்கோங்க," என்றாள் ஒருத்தி. "கைய நீட்டுங்க. நனையுதா?"

"குளிருது," என்றாள் அனார்கான். "கொஞ்சம் வெந்நீரா நினைச்சுக்கலாமா?"

"சோப்பு எடுத்துக்கோங்க. இது நிஜ சோப்பு. படம் எடுத்ததும் திருப்பிக் குடுத்துடணும், அடுத்த ஊருக்கு வேணும்."

வெறும் கையில் உலர்ந்த சோப்பைத் தேய்த்து, இல்லாத தண்ணீரில் அலசி, எல்லாரும் கை தட்டினார்கள். பயிற்சிப் பெண்கள் சாக்கு நிறைய பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். "எங்களுக்கு இந்தப் பக்கத் தண்ணி ஒத்துக்காதுக்கா," என்றாள் இன்னொருத்தி. பாவம், உண்மையைத்தான் சொன்னாள்.

அவர்களுக்கும் ஓர் ஆடு. அடுத்து மையத்திலிருந்து வந்த கூட்டுக்குழுவுக்கு இரண்டு. எங்கள் பக்கத்தில் இறைச்சியை எலும்பு பார்த்துத்தான் வைப்போம். தலை பெரியவருக்கு, தொடை அடுத்தவருக்கு, இப்படி. கூட்டுக்குழுவில் துணைச் செயலர் பெரியவரா, செயல் துணைவர் பெரியவரா என்று முடிவாகாமல் இறைச்சி ஆறிப்போனது. கடைசியில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தலை வைத்தார்கள். முத்திரை பற்றிப் பேச நேரமில்லாமல் இருட்டிவிட்டது.

பிறகுதான் தன்னார்வலர் வந்தார்கள். பஸ்ஸில், மஞ்சள் சட்டையில், பாட்டுப் பாடிக்கொண்டு. குறை சொல்லக் கூடாது, நல்ல பிள்ளைகள். கூட வந்த எர்மெக் மலைச்சரிவில் பழைய பள்ளத்தின் மேலேயே கயிறு கட்டி, 'தன்னார்வப் பகுதி' என்று பலகை நட்டார்.

"தம்பி, அங்கதான் குழாய் போகுது," என்று ஓடிவந்தார் சுயுன்பாய். "நானே புதைச்சேன்."

"நீங்க பதிவு பண்ணாத ஆளு. கயித்துக்கு வெளிய நில்லுங்க."

"வெட்டாதீங்கடா, உடையும்!"

"ஐயா, எங்க கணக்குப்படி இங்க இன்னும் குழாயே போடல. இல்லாதது எப்படி உடையும்?"

கெட்டிக்கார மண்வெட்டி ஒன்று கணக்கைப் பார்க்காமல் இறங்கியது. ஊற்றிலிருந்து முழு வேகத்தில் இறங்கி முத்திரைக்குப் பின்னால் முட்டி நின்ற தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. பிள்ளைகள் "தண்ணி வந்திருச்சு! தண்ணி வந்திருச்சு!" என்று நனைந்து ஆடினார்கள். கேமரா ஓடியது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சூபாஷியில் தன்னார்வலர் முதல் நாளிலேயே தண்ணீர் கண்டுபிடித்தார்கள் என்று அன்று இரவு டிவியில் சொன்னார்கள். சுயுன்பாய் மேலே ஏறி மடையை அடைத்துவிட்டு வந்தார்.

இப்போது முத்திரையும் இருந்தது, தண்ணீரும் இல்லை. மையம் திருப்தி அடைந்து திறப்பு விழாவுக்கு நாள் குறித்தது.

விழாவுக்கு மையத்தின் இயக்குநர் ஜோரோபெகோவ் நேரில் வருவதாகத் தெரிந்ததும் பள்ளிக்கூடச் சுவர் முன்னால் மேடை எழும்பியது. குழாயைச் சுற்றி வளைவு எழும்பியது. வளைவில் பளிங்குக் கல் பதித்தார்கள். கூட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டும், ஆனால் சமையல்காரருக்கு ஒதுக்கீடு இல்லையாம். அஷாராகச் செய்துவிடுங்கள் என்றார் எர்மெக். ஆக, தேவைப்பட்டபோது அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

கலிச்சா விடியும் முன் அண்டா ஏற்றினாள். பெர்மெத் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் எதையாவது கொறித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். புகை அடிக்கும் இருட்டில் பிள்ளைக்குத் தலை பின்னி, வெள்ளை ரிப்பன் கட்டி அனுப்பினாள்.

வெயில் ஏறியதும் சுவருக்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. டிரைவர் வாய்க்காலில் குழாயை விட்டு உறிஞ்சினான்.

"என்ன தம்பி பண்றே?" என்று கேட்டாள் கலிச்சா, கரண்டியோடு.

"விழாவுல தண்ணி வரணுமாம்க்கா. பின்னால இருந்து குழாயில சேர்த்துவிடச் சொன்னாங்க. படத்துக்குத்தான், குடிக்க இல்ல."

அப்புறம் வந்திருந்த பெரியவர்களுக்கெல்லாம் இறைச்சி வைக்கப்பட்டது. ஜோரோபெகோவ் ஆட்டுத் தலையைத் தின்று முடித்து, விரலைத் துடைத்து, ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"அன்பு மக்களே! நான் பொறுப்பேற்றபோது இந்த ஊரில் தன்னார்வலர் எவருமில்லை. இன்று பாருங்கள், வளைவு! பளிங்கு! தண்ணீர் இன்றைக்கு வரும், நாளைக்கு நின்றுபோகும், அதை நம்பி யாரும் இருக்க முடியாது. இந்தக் கல் நிற்கும்! இந்தக் குழாய்க்காக நான் மூன்று நாடுகளுக்குப் போய் வந்தேன். அங்கெல்லாம் எவ்வளவு நல்ல தண்ணீர் தெரியுமா! குடித்துப் பார்த்தேன். உங்களை நினைத்துக்கொண்டேன்." கை தட்டல். "நம் முன்னோர் அஷார் என்றார்கள். இன்றைய தலைமுறை அதை மறந்துவிட்டது. அஷார் அண்டாவில் கை வைத்துவிட்டு மண்வெட்டியில் கை வைக்காமல் போகிறவன் மனிதனா? அவன் சாப்பிட்டது சோறா? திருட்டு!"

இந்த இடத்தில் பெரிய கை தட்டல். எர்மெக் முத்திரையை அவிழ்த்துத் திருகுபிடியை மாட்டினார், இயக்குநர் ரிப்பன் வெட்டினார், டேங்கர் டிரைவர் பின்னாலிருந்து திறந்துவிட்டான். ஒரு குழந்தை குடிப்பதுபோல் படம் வேண்டும் என்றார் படம் எடுப்பவர். கூட்டத்தைப் பார்த்தார். இரட்டைப் பின்னலும் வெள்ளை ரிப்பனுமாக நின்ற பெர்மெத்தைப் பிடித்து முன்னால் நிறுத்தி, கையில் டம்ளர் கொடுத்தார்.

"பாப்பா, இங்க பாரு. கண்ணை நல்லாத் திற." எடுத்ததைத் திரையில் பார்த்து முகம் சுளித்தார். "மஞ்சளா விழுதே. மஞ்சள் சட்டைக்காரங்க கொஞ்சம் தள்ளுங்கப்பா, நிறம் அடிக்குது."

மஞ்சள் சட்டைகள் தள்ளிப்போனார்கள். மறுபடி எடுத்தார். மறுபடி பார்த்தார்.

"சட்டை இல்ல, கண்ணேதான் மஞ்சள். பரவால்ல, கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிடலாம். நீ குடி பாப்பா."

அண்டாப் பக்கத்திலிருந்து கலிச்சாவுக்கு இது கேட்டது. கரண்டி கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடிவந்து பிள்ளையின் முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். அக்தானின் கண்ணில் பார்த்த அதே நிறம். உதட்டுக்குப் போயிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். உள்ளே டீ நிறத்தில் ஆடியது.

அவள் கத்துவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கத்தவில்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேடையேறினாள். கெனெஷ் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார், உதறினாள். டம்ளரை இயக்குநர் முன்னால் வைத்து, மண்வெட்டியை நீட்டினாள்.

"ஐயா, சாப்பிட்டீங்க. அது அஷார் அண்டா, கிளறினது நான். இந்தாங்க."

ஜோரோபெகோவ் ஒரு நொடி முழித்தார், பிறகு முகம் மலர்ந்தது. "ஆஹா! இதுதான் மக்கள் பங்கேற்பு! படம் எடுங்க!" கீழே இறங்கி, மேடை ஓரத்தில் ஒரே ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தார். படம் எடுத்தார்கள். மண்வெட்டியைத் திருப்பி நீட்டினார்.

கலிச்சா வாங்கவில்லை. "இங்க இல்லைங்கய்யா. உங்க ஆளுங்க உடைச்சது மேல இருக்கு. ஏறணும்."

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"தலையைக் கடிக்கும்போது இல்லாத மீட்டிங்கா?" என்று கூட்டத்திலிருந்து அனார்கான் குரல் கொடுத்தாள்.

"எங்க தண்ணி ஓடிட்டு இருந்துச்சு," என்றாள் கலிச்சா. அவள் குரல் ஒலிபெருக்கியில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. "அதை மூட ஒரு ஆளு அனுப்பினீங்க. உடைக்க ஒரு பஸ்ஸு ஆளு அனுப்பினீங்க. எம் பொண்ணு கண்ணை வெளுக்கக்கூட ஆளு கூட்டிட்டு வந்திருக்கீங்க. திறக்க ஒருத்தன் இல்ல உங்ககிட்ட. திருட்டுன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய இப்ப யாருக்கு வைக்கிறது? சொல்லிட்டுப் போங்க."

இயக்குநர் எர்மெக் பக்கம் குனிந்து கேட்டார்: "இந்தம்மா பதிவு பண்ணினவங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இவங்க பேசினது கூட்டக் குறிப்புல வராது," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பராமரிப்புக் குழு அமையும் வரை என்று சொல்லி எர்மெக் குழாய்க்கு மறுபடி முத்திரை வைத்தார். டேங்கரும் போனது.

கலிச்சா பெர்மெத்தைக் கம்பளிக்குள் சுருட்டி, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் காரில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊர் அவளை அனுப்பிவிட்டு மண்வெட்டியோடு மலையேறியது. மஞ்சள் சட்டைப் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்ஸில் ஏறவில்லை. அண்டாவில் சாப்பிட்டிருந்தார்கள் அல்லவா. கெனெஷும் வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் வெட்டினார். இருட்டுவதற்குள் குழாயை ஒட்டவைத்து மடையைத் திறந்தார்கள். முத்திரையை யாரும் தொடவில்லை, நாங்கள் சட்டத்துக்குப் பயந்த ஊர். வளைவுக்குப் பின்பக்கம், கழிவறைக்குப் போகும் வழியில், சுவரிலிருந்து ஒரு சாதாரணக் குழாய்த் துண்டை நீட்டினார்கள். தண்ணீர் அதில் வந்தது. இன்றும் வருகிறது. முன்னால் பளிங்கு காய்ந்துகொண்டு நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் சூபாஷிப் பிள்ளைகளே ஒரு வரிசைக் கட்டிலை நிரப்பினார்கள். பெர்மெத்தின் பாட்டிலில் ஒரு வாய் கேட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். பெர்மெத்துக்கு மட்டும் நாள் நீண்டது. நடுவில் சில இரவுகள் டாக்டரம்மா கலிச்சாவிடம் எதுவும் சொல்லாமல் கடந்து போனாள். அந்த இரவுகளைப் பற்றிக் கலிச்சாவும் இதுவரை எதுவும் சொன்னதில்லை. பனி விழுந்தபிறகு பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். தூக்கியபோது கோட்டுதான் கனத்தது.

புத்தாண்டுக்கு மையம் எல்லா ஊர்களுக்கும் ஒரு வழவழப்பான புத்தகம் அனுப்பியது. சூபாஷிக்கு இரண்டு படம். ஒன்றில் ஜோரோபெகோவ் மண்வெட்டியோடு. கீழே அச்சடித்திருந்தது: 'சூபாஷி. தன்னார்வலர்: ஒருவர்.'

"எவருமில்லாம இருந்த ஊரு, ஒருத்தர் ஆயிடுச்சுடி," என்றாள் அனார்கான். "வளர்ச்சிதான்."

இன்னொரு படத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் குழந்தை டம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தது. தண்ணீரும் வெள்ளை, கண்ணும் வெள்ளை, பால் மாதிரி. அடுப்போரம் படுத்திருந்த பெர்மெத் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது யாரும்மா?"

கலிச்சா பக்கத்தைக் கிழித்து அடுப்பில் வைத்தாள்.

"தெரியலடி. நம்ம ஊருப் பிள்ளை இல்ல."

அவ்வளவுதான். உங்கள் ஊர்க் குழாயை யார் திறந்தார்கள், யார் மூடினார்கள், எத்தனை ஆடு போயிற்று, எல்லாவற்றையும் எனக்கு எழுதுங்கள். பதிவு செய்யாதவர்களும் எழுதலாம். எழுத உட்காரும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அதன் கண்ணை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.